குவாங்சோவில் பொருள் வாங்குவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீனாவின் குவாங்சோ நகரத்துக்குப் போய் வந்தவர்கள் பலரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: "கடை கடையாக ஏறி இறங்கினேன், பொருள் அருமையாக இருந்தது, ஆனால் ஒரே ஒன்று கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள்." குறை கடைக்காரர்மேல் இல்லை. மொத்த வியாபாரத் தெருவில் போய்ச் சில்லறை வாங்க நின்றதுதான் பிழை.

அந்த ஊரில் எதை வாங்குவது என்பதைவிட, எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் முக்கியம். பணம் கட்டும் வழி முதலில், தெரு இரண்டாவது, "ஒன்று தருவீர்களா" என்ற கேள்வி மூன்றாவது, விலை கடைசி. பலமுறை போயும், புதிதாக வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியும் தெரிந்துகொண்ட வரிசை இது. கீழே அப்படியே எழுதியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன்பே பணம் கட்டும் வழியைச் சரிசெய்யுங்கள்

அங்கே தெருவோரப் பழ வண்டியில்கூட இரண்டு க்யூஆர் அட்டைகள் தொங்கும். நீலம் அலிபே, பச்சை வீசாட்; இரண்டும் போனில் பணம் கட்டும் செயலிகள். வங்கி அட்டையைத் தேய்க்கும் இயந்திரம் பெரிய மால்களிலும் ஓட்டல்களிலும்தான் நம்பிக்கையாகக் கிடைக்கும். ஆகவே அலிபே, வீசாட் இரண்டையும் ஊரிலேயே போனில் ஏற்றி, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துவிடுங்கள். 2023 முதல் வெளிநாட்டு அட்டைகளை இதில் இணைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஊரிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அட்டையை இணைக்கும்போது வங்கி ஓடிபி அனுப்பும். ரோமிங் சரியாக இல்லாத போனோடு அங்கே போய் நின்றால் அந்த ஒரு குறுஞ்செய்திக்காக அரை நாள் வீணாகும். அப்புறம், இந்திய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் ஏற்றி வையுங்கள்.

ஒரே கட்டணம் 200 யுவானைத் தாண்டினால் வெளிநாட்டு அட்டைக்கு 3 சதவீதம் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். 200 வரை கிடையாது. பெரிய தொகைக்குப் பேரம் பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய உடனே ஒரு வேலை: பக்கத்தில் இருக்கும் சின்னக் கடையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி, போனில் பணம் கட்டிப் பாருங்கள். வங்கி தடுத்தால் அங்கேயே தெரிந்துவிடும். 800 யுவான் பையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

2. ரொக்கமும் வேண்டும், சில்லறையாக வேண்டும்

எல்லாம் போனில்தானே என்று ரொக்கமே இல்லாமல் போகிறவர்கள் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து பதிவு பெற்ற கடைக்குப் பணம் போகும், தனி ஆளுக்குப் போகாது. சின்ன வியாபாரிகள் சிலர் கடைக் கணக்கு திறக்காமல் சொந்தக் கணக்கின் க்யூஆரையே மாட்டியிருப்பார்கள். ஸ்கேன் செய்தால் "செலுத்த இயலாது" என்று வரும். உங்கள் அட்டையிலும் தப்பில்லை, போனிலும் தப்பில்லை.

அதற்காக ஐந்நூறு யுவான் அளவுக்கு 10, 20, 50 நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். ரொக்கத்தைக் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் 7 யுவான் பொருளுக்கு 100 நோட்டை நீட்டினால், மீதி கொடுக்க அவரிடம் சில்லறை இருக்காது. விதியும் உதவாது.

3. போனில் இருக்க வேண்டியவை

கூகுளும் வாட்சப்பும் அங்கே உள்ளூர் இணைப்பிலும் ஓட்டல் வைஃபையிலும் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கிலோ, பயணிகளுக்கான இசிமிலோ (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) பெரும்பாலும் வேலை செய்யும். எப்படியானாலும் செயலிகளை ஊரிலேயே இறக்கிவிடுங்கள்.

வரைபடத்துக்கு ஆமேப். ஆங்கிலத்திலும் இருக்கிறது. கூகுள் வரைபடம் திறந்தாலும் அங்கே இடத்தைத் தள்ளிக் காட்டும், நம்ப வேண்டாம். மொழிபெயர்ப்புக்கு, இணையம் இல்லாமலும் வேலை செய்யும்படி சீன மொழித் தொகுப்பை முன்கூட்டியே இறக்கிய செயலி ஒன்று. கேமராவைப் பலகைமேல் காட்டினால் படித்துச் சொல்வதாக இருக்க வேண்டும். டாக்சிக்குத் தனிச் செயலி தேவையில்லை, அலிபேக்குள்ளேயே டிடி என்ற டாக்சிச் சேவை இருக்கிறது.

போக வேண்டிய ஒவ்வொரு இடத்தின் பெயரையும் சீன எழுத்தில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஓட்டல் அட்டையும் பையில் இருக்கட்டும். "ஷாங்ஷியாஜியூ" என்ற கடைத்தெருவின் பெயரை நாம் உச்சரித்து ஓட்டுநருக்குப் புரியவைப்பது நடக்கிற காரியமில்லை.

4. பொருளை முடிவு செய்யுங்கள், பிறகு தெருவை

நம்மூரில் பாத்திரத்துக்கு ஒரு தெரு, ஜவுளிக்கு ஒரு தெரு இருப்பதுபோலத்தான் அங்கேயும். ஆனால் அளவு மிகப் பெரிது. ஒரு தெருவில் ஒரே வகைப் பொருளுக்குக் கட்டடம் கட்டடமாகக் கடைகள். ஒரு நாளைக்கு இரண்டு தெருவுக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

ஆயத்த ஆடை: குவாங்சோ ரயில் நிலையத்துக்கு எதிரே பைமா என்ற மாடிக் கட்டடம். வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகிய இடம், முதல்முறைக்கு அதுதான் எளிது. ஷிசான்ஹாங் விலை குறைவான பெண்கள் உடைகளுக்குப் பேர்போனது, ஆனால் அது முழுக்க மொத்த வியாபாரிகளின் உலகம். ஆள் உயரக் கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டைகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், பேக்கிங் டேப் கிழிபடும் சத்தம் ஓயாது. நடைபாதையில் நின்று யோசித்தால் முழங்காலில் வண்டி இடிக்கும். வேடிக்கை பார்க்கப் போகலாம். ஒரு சட்டை வாங்கப் போகாதீர்கள்.

துணி: சுன் யாட்-சென் பல்கலைக்கழகம் அருகே ஜோங்டா துணிச் சந்தை. தையல் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை என்பது என் எண்ணம். ஒன்றைக் கவனியுங்கள்: மாதிரி அட்டையில் இரண்டு விலை இருக்கும். குறைவானது முழு ரோலுக்கு, கூடுதலானது வெட்டித் தருவதற்கு. மூன்று மீட்டர் வாங்க நினைத்து, ரோல் விலையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். பின்னல் துணிகளை மீட்டருக்குப் பதில் எடைபோட்டு விற்பதும் உண்டு.

பொம்மை, எழுதுபொருள், அலங்காரப் பொருள், பரிசுப் பொருள்: யிதெ லு. அங்கேதான் கல்லால் கட்டிய பெரிய கத்தோலிக்கப் பேராலயம் இருக்கிறது, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அதே தெருவில் காய்ந்த மீன், இறால், காளான் கடைகளும் உண்டு. வாசனையே வழி காட்டும். பக்கத்தில் இருக்கும் வான்லிங் பிளாசா பல மாடிக் கட்டடம். சில்லறையாக வாங்க விரும்புகிறவர்களுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதுதான் வசதி.

தேயிலை: ஃபாங்சுன். கடையில் உட்காரவைத்து, சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். குடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது, குடித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பூஅர் தேயிலையை வட்டமாக அழுத்தி அடையாக விற்பார்கள். ஒரு அடை வழக்கமாக 357 கிராம், ஏழு அடை சேர்ந்தது ஒரு கட்டு. சொல்கிற விலை அடைக்கா, கட்டுக்கா என்று கேட்டுவிடுங்கள்.

ஜேட் கல்: ஹுவாலின் தெரு. பார்க்கப் போங்கள். அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய கல்லையும், சாயம் ஏற்றிய கல்லையும் இயற்கைக் கல்லிலிருந்து வெறும் கண்ணால் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். பிடித்திருந்தால், போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற தொகைக்குள் ஒரு சின்னதை வாங்குங்கள்.

பேரம், மொத்தம் எதுவும் வேண்டாம், நிம்மதியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பெய்ஜிங் லு, ஷாங்ஷியாஜியூ என்ற இரண்டு நடைத்தெருக்கள், தியான்ஹெ பகுதி மால்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் நாளை இங்கே கழிப்பது நல்லது. சில்லறை விலை எவ்வளவு என்று கண் பழகும். அதற்குப் பின் மொத்தச் சந்தைக்குப் போனால், சொல்லும் விலை நியாயமா இல்லையா என்று நமக்கே தெரியும்.

5. நேரத்தைப் பாருங்கள்

புதியவர்கள் பொதுவாக ஓட்டலில் காலை உணவை நிதானமாக முடித்து, 11 மணிக்குக் கிளம்பி, மொத்தச் சந்தைக்குப் போய், மாலையில் மாலுக்குப் போகத் திட்டமிடுவார்கள். மொத்த ஆடைச் சந்தைகள் விடியற்காலையிலேயே சூடுபிடித்துவிடும். ஷிசான்ஹாங்கில் மதியத்துக்குப் பின் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படும். மற்ற சந்தைகளும் மாலை ஐந்து, ஆறுக்குள் அடங்கிவிடும். மால்களும் நடைத்தெருக்களும் இரவு பத்து வரை இருக்கும். எனவே மொத்தச் சந்தை காலையில், மால் இரவில்.

சீனப் புத்தாண்டைச் சுற்றிய வாரங்களில் மொத்தச் சந்தைக்கென்று போகாதீர்கள். வியாபாரிகள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் பாதியிலிருந்து மே தொடக்கம் வரையும், அக்டோபர் பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் கேன்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். அப்போது ஓட்டல் வாடகை ஏறிவிடும்.

6. கடைக்குள் போனதும்: விலைக்கு முன் ஒரு கேள்வி

"எவ்வளவு?" என்று கேட்டால் கடைக்காரர் மொத்த விலையைச் சொல்வார். நீங்கள் சந்தோஷப்பட்டு ஒன்றை எடுப்பீர்கள். அப்போதுதான் பத்து எடுத்தால்தான் அந்த விலை என்பார். அதன் பிறகு நடப்பது பேரம் இல்லை, மனக்கசப்பு.

ஒரு விரலைக் காட்டி "லிங்ஷோவ்?" என்று கேளுங்கள். சில்லறை உண்டா என்று அர்த்தம். தலையாட்டினால் உள்ளே போங்கள். கையை வீசி மறுத்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள், அவர் கோபித்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். சில கடைகள் வாசலிலேயே சில்லறை இல்லை என்று எழுதி வைத்திருக்கும், கேமராவைக் காட்டினால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு "துவோஷாவ் சியென்?", அதாவது எவ்வளவு விலை. பதில் பெரும்பாலும் கால்குலேட்டரில் வரும். எண்ணை அழுத்தி உங்கள் பக்கம் திருப்புவார், நீங்கள் உங்கள் எண்ணை அழுத்தித் திருப்பலாம். யுவானைப் பேச்சில் "குவாய்" என்பார்கள்.

கால்குலேட்டர் இல்லாத இடத்தில் ஒரே கையால் பத்து வரை எண்ணிக் காட்டுவார்கள். இதில் ஏமாறுவது எளிது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டிருந்தால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரிந்திருந்தால் எட்டு, இரண்டு அல்ல. ஆள்காட்டி விரலை மட்டும் கொக்கிபோல மடக்கினால் ஒன்பது, ஒன்று அல்ல.

மொத்த ஆடைக் கடையில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், திருப்பியும் எடுக்கமாட்டார்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையின் மார்பு, தோள், நீளத்தைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொண்டு, ஒரு அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். அவர்களின் எல் நமக்கு எம்மாக இருப்பது சாதாரணம்.

7. விலைப்பலகையைப் படிக்கும் முறை

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

தள்ளுபடிப் பலகையில் ஒரு எண்ணும் பக்கத்தில் "ஜெ" என்ற எழுத்தும் இருக்கும். அந்த எண் தள்ளுபடி அல்ல, நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. 8 என்றால் விலையில் பத்தில் எட்டுப் பங்கு கட்ட வேண்டும், தள்ளுபடி 20 சதவீதம்தான். 6.8 என்றால் 399 யுவான் செருப்புக்கு 271 யுவான் சொச்சம். என்னோடு வந்த ஒரு தம்பதி 9 என்று போட்டிருந்த பையைத் தொண்ணூறு சதவீதத் தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டார்கள். 500 யுவான் பை, பில் 450. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, அந்த அம்மா பையைத் திருப்பிக் கொடுத்த சங்கடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறொருவர் 3 என்பதை முப்பது சதவீதத் தள்ளுபடி என்று நினைத்து, 600 யுவான் கோட்டை 180க்கு விட்டுவிட்டு வந்தார்.

பழம், தேயிலை, காய்ந்த பொருள் எல்லாம் "ஜின்" கணக்கு. ஒரு ஜின் 500 கிராம். லிச்சிப் பழக் கூடையில் 15 என்று இருந்தால் கிலோ 30. தேயிலையில் இந்த இரட்டிப்பு பெரிய தொகை ஆகிவிடும்.

காலணியில் 42 போன்ற ஐரோப்பிய எண்ணோடு 260 என்ற எண்ணும் இருக்கும். அது மில்லிமீட்டரில் பாத நீளம். குதிகாலிலிருந்து நுனிவிரல் வரை அளந்து வைத்திருந்தால் குழப்பமே இல்லை. ஆடையில் 175/92 என்று இருந்தால் முதல் எண் உயரம், இரண்டாவது மார்பளவு.

8. பேரம்: எங்கே, எவ்வளவு

மால், சூப்பர் மார்க்கெட், பெயர்பெற்ற பிராண்டு கடைகளில் பேரம் கிடையாது. மொத்தச் சந்தையில் பேரம் எண்ணிக்கையை வைத்து நடக்கும். ஒன்று 40 என்றால் ஐந்து எடுத்து 35 கேட்கலாம். அங்கே பாதி விலை கேட்டால், வாங்க வந்தவர் இல்லை என்று முடிவு செய்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்கள் லாபம் ஒரு துணிக்குச் சில யுவான்தான்.

சுற்றுலாப் பயணிகள் கூடும் ஜேட், நினைவுப்பொருள் கடைகளில் நேர்மாறு. சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்கலாம். "பியென்யி இதியென்", கொஞ்சம் குறையுங்கள் என்று அமைதியாகச் சொன்னால் போதும். குரலை உயர்த்தாதீர்கள். மற்ற வாடிக்கையாளர் முன்னால் அவருக்குத் தலைகுனிவு வந்தால் விலை இறங்காது. ஆனால் நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்கிவிடுங்கள். விளையாட்டுக்கு விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

தெருவில் உங்களைத் தேடி வந்து ஆங்கிலத்தில் "வாட்ச், பேக்" என்று கூப்பிட்டு மாடி அறைக்கு அழைத்துப் போகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். உள்ளே இருப்பது போலிப் பொருள், கதவும் உங்கள் கையில் இல்லை.

9. பார்த்து முடித்துப் பணம், பணம் கட்டியபின் பெட்டிச் சத்தம்

பொருளைப் பிரித்து, ஜிப்பை இழுத்து, பிளக்கைச் செருகிப் பார்த்த பிறகே போனை எடுங்கள். மாதிரியாக மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, உறையில் கட்டிவந்ததை அப்படியே வாங்கிப் போகிறவர்கள்தான் ஓட்டலில் பிரித்து வருந்துகிறார்கள். நிறமும் அளவும் உறைக்குள் இருப்பதில் சரியா என்று பாருங்கள்.

நீங்கள் கடையின் க்யூஆரை ஸ்கேன் செய்தால் தொகையை நீங்கள்தான் தட்ட வேண்டும். தட்டியதைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டு உறுதிசெய்யுங்கள். 58க்குப் பதில் 580 போய்விட்டால், மொழி தெரியாத ஊரில் திரும்பப் பெறுவது கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது. பல கடைகளில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும், வந்த தொகையை உரக்கச் சொல்லும். அந்தக் குரல் வரும்வரை நில்லுங்கள்.

10. மின்பொருட்கள் வாங்குகிறவர்களுக்கு

உதிரிபாகம், கேட்ஜெட் என்று தீவிரமாகத் தேடுகிறவர்கள் பக்கத்து நகரமான ஷென்ஜென் போய்விடலாம். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஷென்ஜென் வடக்கு சுமார் அரை மணி நேரம், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அங்கிருந்து மெட்ரோவில் ஹுவாசியாங்பெய் என்ற மின்பொருள் சந்தை.

சீனச் சந்தைக்கான போன்களில் கூகுள் சேவைகள் முழுமையாக இருக்காது, வாரண்டியும் நம்மூரில் செல்லாது. விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்னழுத்தம் அங்கே 220 வோல்ட், அதனால் சாதனம் நம்மூரில் ஓடும், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

தாவோபாவ் என்ற சீன ஆன்லைன் கடையிலும் வாங்கலாம். முகவரியாக ஓட்டலின் சீன முகவரியையும் வரவேற்பறை எண்ணையும், அவர்களிடம் சொல்லிவிட்டு, கொடுங்கள். கூரியர் ஆள் உங்கள் ஊர் எண்ணுக்குக் கூப்பிடமாட்டார். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போதே ஆர்டர் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

11. வரியைத் திரும்பப் பெறுவதும் பெட்டி கட்டுவதும்

"டாக்ஸ் ஃப்ரீ" பலகை உள்ள கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கோ அதற்கு மேலோ வாங்கினால், நாட்டை விட்டுப் போகும்போது வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 500 ஆக இருந்தது. பெரும்பாலான பொருட்களுக்கு 11 சதவீதம், அதில் சேவைக் கட்டணம் போக 9 சதவீதம் அளவில் கைக்கு வரும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி விண்ணப்பப் படிவமும் பில்லும் வாங்கிக்கொள்ள வேண்டும். மொத்தச் சந்தைக் கடைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

விமான நிலையத்தில் வரிசை முக்கியம். முதலில் சுங்க அதிகாரியிடம் பொருளைக் காட்டி முத்திரை, அதன் பிறகே பெட்டியைச் செக்-இன். பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் படிவத்தோடு மட்டும் போய் நின்றால் பணம் கிடைக்காது. பொருள் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும், எனவே புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பொருட்களைப் பெட்டியின் மேலடுக்கில் வையுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் ட்ரோனும் இ-சிகரெட்டும் வாங்க வேண்டாம். இரண்டுக்கும் இறக்குமதித் தடை இருக்கிறது. பவர் பேங்க் வாங்கினால் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறப்போகிறீர்கள் என்றால், அதன்மேல் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். முத்திரை இல்லாததை 2025 ஜூன் கடைசியிலிருந்து உள்ளே விடுவதில்லை. ஊரிலிருந்து கொண்டுபோன பழைய பவர் பேங்குக்கும் இதே விதிதான்.